மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் ஏ-35 வீதியில், தருமபுரத்தையும் விசுவமடுவையும் கடந்தபின் வருவது உடையார்கட்டு. குளத்தை நம்பி வாழும் விவசாயக் கிராமம். 1997ஆம் ஆண்டு மாரிகாலத்தில் சில வாரங்கள் அங்கே தங்கியிருந்தேன். பத்திரிகைக்குச் செய்தி எழுதுவது அப்போது என் தொழில். அந்த வீதியில் ஒரு கார் வருகிறது என்பதைக் காது அறிவதற்கு முன்னரே மூக்கு அறிந்துவிடும். குப்பி விளக்கை ஊதி அணைத்தாற்போன்ற மணமும், கண்ணைக் கரிக்கும் வெண்புகையும் முன்னே வரும். கார் பின்னே வரும்.

அவ்வாறு வந்தவற்றுள் ஒன்று ஒஸ்ரின் ஏ-40 சொமர்செற். தமிழகத்து வாசகர்கள் ஆஸ்டின் என்று எழுதுவார்கள். உருண்ட முன்பக்கமும் நான்கு கதவுகளும் கொண்ட, ஒரு குடும்பம் வசதியாகப் பயணிக்கக்கூடிய நடுத்தர அளவுக் கார். அது இங்கிலாந்தில் செய்யப்பட்டு அப்போதே நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. அதில் பெற்றோல் இல்லை. மண்ணெண்ணெயில் ஓடியது.

அந்தக் காரைப் பற்றி அக்காலத்திலேயே ஒரு கட்டுரை எழுதினேன். பலர் பாராட்டினார்கள். ஆனால் அந்தக் கட்டுரையில் ஒரு பெரும் பிழை இருந்தது. காரின் சொந்தக்காரர் அதை என்னிடம் நேரிலேயே சுட்டிக்காட்டினார். இத்தனை ஆண்டுகள் கழிந்தபின் அந்தப் பிழையைத் திருத்தும் பொருட்டே இதை எழுதுகிறேன்.

* * *

இந்த நினைவைக் கிளறியது சீனச் செய்தி ஒன்று. ஐரோப்பிய, அமெரிக்கக் கார் நிறுவனங்கள் சீனச் சந்தைக்கெனத் தம் கார்களை எவ்வாறெல்லாம் மாற்றியமைக்கின்றன என்பதைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கதையின் தொடக்கம் வொக்ஸ்வாகன் நிறுவனத்தின் சன்ரானா என்ற நடுத்தரக் கார். 1983இல் சாங்காயில் அதன் உதிரிப்பாகங்களைப் பொருத்தும் வேலை ஆரம்பமானது. 1984இல் கூட்டு முயற்சிக்கான ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஜேர்மனியில் பெரிதாக எடுபடாத அந்தக் கார், சீனாவில் 2012 வரை உற்பத்தி செய்யப்பட்டது.

சீனாவில் அந்தக் காலத்தில் கார் வாங்கியவை பெரும்பாலும் அரச அலுவலகங்களும் நிறுவனங்களும்தாம். சாரதி முன்னே இருப்பார். அதிகாரி பின்னே இருப்பார். எனவே பின்னிருக்கையில் கால் நீட்ட இடம் வேண்டுமென்று கேட்டார்கள். 1995இல் வந்த சன்ரானா 2000 என்ற காரில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைப்பட்ட நீளம் ஏறத்தாழப் பத்துச் சென்ரிமீற்றர் கூட்டப்பட்டது. பின்னர் அவுடி நிறுவனம் தன் ஏ6 காரை நீட்டி, ஏ6எல் என்ற பெயரில் சீனாவுக்கெனவே செய்தது. இன்று நீட்டப்பட்ட கார் சீனச் சந்தையில் வழக்கமான ஒன்று.

வாங்குபவனுக்குப் பலம் இருந்தால் கார் அவனுடைய இருக்கைக்கு ஏற்ப நீளும். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. சந்தையின் இயல்பு அது. ஆனால் வாங்கும் பலம் எதுவுமில்லாத, சந்தை என்ற ஒன்றே மூடப்பட்டிருந்த ஒரு நிலத்திலும் நடுத்தரக் கார் ஒன்று மாற்றியமைக்கப்பட்டது. அதைச் செய்தவர்கள் பொறியியலாளர்களும் அல்லர், தொழிற்சாலையும் இல்லை. அதை எவரும் எழுதிவைக்கவுமில்லை.

* * *

அந்தக் கார் வன்னிக்கு வந்த கதையை முதலில் சொல்லவேண்டும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பிரித்தானியா கடனில் மூழ்கியிருந்தது. கார் செய்யும் நிறுவனங்களுக்கு உருக்கு வேண்டுமானால், செய்த கார்களில் பெரும்பகுதியை ஏற்றுமதி செய்தாகவேண்டும் என்ற நிலை. அந்தச் சூழலில் 1947இல் பேமிங்காம் நகரின் லோங்பிறிஜ் தொழிற்சாலையிலிருந்து ஒஸ்ரின் ஏ-40 டெவன் வெளிவந்தது. 1952இல் அதன் இடத்தைச் சொமர்செற் பிடித்தது. 1954 வரை அது உற்பத்தியில் இருந்தது. 1,200 கன சென்ரிமீற்றர் எஞ்சின். நாற்பது குதிரைவலுவைச் சற்றே தாண்டும். இலங்கை உட்படப் பிரித்தானியரின் செல்வாக்கு இருந்த நாடுகளுக்கெல்லாம் இந்தக் கார்கள் கப்பலேறின.

இங்கே ஒரு செய்தி முக்கியமானது. போர்க்காலத்திலும் அதன் பின்னரும் பிரித்தானியாவில் பெற்றோலுக்குப் பங்கீடு இருந்தது. 1950ஆம் ஆண்டு மே மாதந்தான் அது முடிவுக்கு வந்தது. கிடைத்த பெற்றோலும் தரங்குறைந்தது. எல்லா நிறுவனங்களின் பெற்றோலையும் ஒன்றாகச் சேர்த்து விற்றதால் அதற்குப் 'பூல் பெற்றோல்' என்று பெயர். 1953இல்தான் நிறுவனப் பெயருடன் தரமான பெற்றோல் மீண்டும் விற்பனைக்கு வந்தது. ஆகவே அக்காலத்துக் கார்களின் எஞ்சின்கள் மட்டமான எரிபொருளையும் பொறுத்துக்கொள்ளும் வகையில் செய்யப்பட்டன. தன் நாட்டின் பஞ்சத்துக்கென ஆங்கிலேயன் செய்த எஞ்சின், அரை நூற்றாண்டு கழித்து எங்களுடைய பஞ்சத்துக்குக் கைகொடுத்தது.

எங்கள் ஊர்களில் இந்தக் கார்கள் ஏன் அத்தனை காலம் தங்கின என்பதற்கும் காரணம் உண்டு. 1960களின் தொடக்கத்தில் இலங்கை அந்நியச் செலாவணி நெருக்கடியில் சிக்கியபோது கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1970 முதல் 1977 வரை அந்த இறுக்கம் இன்னும் கடுமையானது. புதிய கார் வராத நாட்டில் பழைய காரைப் பழுதுபார்ப்பது பெருந்தொழிலாயிற்று. மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், ஏ-40 என ஐம்பதுகளின் கார்களே யாழ்ப்பாணத்தின் வாடகைக் கார்களாக இருந்தன. 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டபின்னரே யப்பானியக் கார்கள் பெருகின.

தமிழகத்தவருக்கு இது புதிய கதையன்று. மொறிஸ் ஒக்ஸ்போட் மூன்றாம் வரிசைக் காரே இந்தியாவில் அம்பாசிடர் ஆனது. கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் 2014 வரை அது செய்யப்பட்டது. பழைய அம்பாசிடரின் எஞ்சின், ஏ-40 எஞ்சினின் வழிவந்தது. ஆதலால் நான் சொல்லும் கார் தமிழக வாசகருக்கும் தூரத்து உறவுதான்.

உடையார்கட்டில் நான் கண்ட ஏ-40இன் இலக்கத் தகட்டில் ஆங்கில எழுத்துகள் இருந்தன. 1957இல் வாகன இலக்கத் தகடுகளில் சிங்களச் 'சிறீ' எழுத்துப் புகுத்தப்பட்டது. அதற்கு எதிராகத் தமிழர் பகுதிகளில் எழுந்த போராட்டத்தை மூத்தவர்கள் அறிவார்கள். அந்த எழுத்துக்கு முந்திய தகடு அது. சொந்தக்காரர் அதை ஒருபோதும் மாற்றவில்லை. அதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது.

அவர் யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியிலிருந்து அறுபதுகளின் பிற்பகுதியில் காணி தேடி வன்னிக்கு வந்தவர். விசுவமடு, முத்தையன்கட்டு முதலிய இடங்களில் குடியேற்றத் திட்டங்கள் உருவான காலம் அது. எழுபதுகளில் வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் தடுக்கப்பட்டபோது உள்ளூர் விளைச்சலுக்கு நல்ல விலை கிடைத்தது. அந்த மிளகாய்க் காசில் யாழ்ப்பாணத்திலிருந்து இந்தக் காரைப் பழசாக வாங்கி வந்தார். தோட்டமும் செய்தார், காரும் ஓட்டினார். ஊரவர்கள் அவரைக் 'கார்க்கார ஐயா' என்று அழைத்தார்கள். நானும் அப்படியே அழைத்தேன்.

* * *

1990 ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின் வடபகுதி மீது பொருளாதாரத் தடை இறுகியது. பெற்றோல், டீசல், மின்கலம், சீமெந்து, இரும்பு, உரம் என்று தடைப்பட்ட பொருட்களின் பட்டியல் நீண்டது. மருந்துகளுக்கும் கட்டுப்பாடு இருந்தது. வன்னியைப் பொறுத்தவரை 2002 ஜனவரி வரை, அதாவது பதினொரு ஆண்டுகளுக்கு மேலாக, ஏதோ ஒரு வடிவத்தில் தடை நீடித்தது. மின்சாரம் அற்றுப்போனது. மண்ணெண்ணெய் மட்டும் மட்டுப்படுத்தப்பட்ட அளவில் வந்தது. அது விளக்குக்கும் அடுப்புக்கும் உரியது. அதையே எல்லாவற்றுக்கும் பயன்படுத்தினார்கள்.

மண்ணெண்ணெயில் கார் ஓடியது என்றவுடன் புலம்பெயர் நாடுகளில் பிறந்த பிள்ளைகள் ஏதோ மாயவித்தை என்று நினைக்கிறார்கள். வித்தை எதுவுமில்லை. எங்கள் விவசாயிகளுக்கு அது முன்னரே தெரிந்த விடயம். கிணற்றடியில் தண்ணீர் இறைக்கும் மண்ணெண்ணெய் மெசின்கள் அவ்வாறே இயங்குபவை. முதலில் சிறிது பெற்றோலில் இயக்கி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். ஐம்பதுகளில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட பேர்குசன் உழவு இயந்திரங்களிலும் இந்த முறையில் இயங்கும் வகை ஒன்று இருந்தது. தோட்டக்காரனின் கிணற்றடி அறிவைக் காருக்குள் கொண்டுவந்ததுதான் எங்கள் மெக்கானிக்குகள் செய்த காரியம்.

அதன் விபரத்தைச் சொல்கிறேன். பெற்றோல் குளிரிலும் ஆவியாகும், மண்ணெண்ணெய் ஆகாது. ஆவியாகாத எரிபொருளில் தீப்பொறி பற்றாது. எனவே குளிர்ந்த எஞ்சினை மண்ணெண்ணெயில் இயக்க முடியாது. சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறிய பின்னர் மண்ணெண்ணெயைத் திறந்துவிடவேண்டும். மோட்டார் சைக்கிள்காரர்கள் பெற்றோல் விடுவதற்கென ஒரு சின்னப் பிளாஸ்ரிக் போத்தலைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார்கள். குழந்தையின் பால் போத்தல் போல் இருந்ததால் அதற்குச் 'சூப்பி' என்று பெயர். கார்க்கார ஐயா ஒரு பழைய சலைன் போத்தலைப் பொனற்றுக்குள் தொங்கவிட்டு, அதன் குழாயைக் காபரேற்றரோடு இணைத்திருந்தார். நோயாளிக்கு மருந்தேற்றும்போது துளியைக் கூட்டிக் குறைக்கும் அந்தச் சிறு சக்கரமே அவருடைய காருக்குப் பெற்றோல் அளந்தது.

இரண்டாவது சிக்கல், மண்ணெண்ணெய் அழுத்தத்தைத் தாங்காது. எஞ்சினுக்குள் அது உரிய நேரத்துக்கு முன்னரே எரிந்து 'டக் டக்' என்று தட்டும். அழுத்த விகிதம் கூடிய புதிய கார்களில் இந்தத் தட்டல் எஞ்சினையே தின்றுவிடும். ஏ-40இன் அழுத்த விகிதம் ஏறத்தாழ ஏழுதான். அதனால் அது பொறுத்துக்கொண்டது. பொறி விழும் நேரத்தையும் கையாலேயே சற்றுப் பின்னுக்குத் தள்ளி வைத்தார்கள். இதனால்தான் எண்பதுகளில் வந்த யப்பானியக் கார்கள் பலவும் கொட்டிலுக்குள் ஓலை மூடி நிற்க, அவற்றிலும் முப்பது வயது மூத்த ஆங்கிலக் கார்கள் வீதியில் ஓடின.

மின்கலமும் தடைப்பட்ட பொருள். அதற்கும் பழைய காரிடம் மறுமொழி இருந்தது. முன்பக்கத்தில் இரும்பு ஹான்டிலைச் செருகிக் கையால் சுழற்றி எஞ்சினை இயக்கலாம். நலிந்துபோன மின்கலத்தில் பொறிக்கு வேண்டிய சொற்ப மின்சாரம் மிஞ்சியிருந்தால் போதும்.

இவை எல்லாவற்றுக்கும் விலை இருந்தது. எரியாமல் எஞ்சும் மண்ணெண்ணெய், பிஸ்ரன் றிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கி ஒயிலைத் தண்ணீராக்கும். பிளக்கில் கரி படியும். வால்வு எரியும். கிடைப்பதற்கரிய ஒயிலை அடிக்கடி மாற்றவேண்டும். மேட்டில் ஏற இழுவை போதாது. சாரதியின் கண் எப்போதும் சிவந்திருக்கும். பின்னிருக்கையில் வருபவர் இருமிக்கொண்டே வருவார். காரின் ஆயுளைக் கொஞ்சம் கொஞ்சமாக எரித்துத்தான் அந்தக் கிலோமீற்றர்களை வாங்கினார்கள்.

உலகில் இதைப் போன்ற வேறு கதைகளும் உண்டு. போர்க்கால ஐரோப்பாவில் விறகை எரித்து வரும் வாயுவில் கார்கள் ஓடின. அமெரிக்கத் தடைக்குட்பட்ட கியூபாவில் ஐம்பதுகளின் அமெரிக்கக் கார்கள் வேற்று எஞ்சின்களுடன் இன்றும் ஓடுகின்றன. சுற்றுலாப் பயணிகள் அவற்றில் ஏறிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். வன்னியின் கார்களை எவரும் படம் எடுக்கவில்லை. படச்சுருள் வாங்குவதே பெரும்பாடாக இருந்தது.

* * *

இனி அந்தக் கட்டுரையின் கதை.

நான் தங்கியிருந்த வீட்டுக்கு அருகே யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களின் கொட்டில்கள் இருந்தன. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து புறப்பட்டவர்கள், அடுத்த ஆண்டு கிளிநொச்சியையும் இழந்தபின் மேலும் கிழக்கே நகர்ந்து உடையார்கட்டில் ஒதுங்கியிருந்தார்கள். மார்கழி மாத மழை இரவொன்றில், அக்கொட்டில்களுள் ஒன்றில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டது. முதற்பிள்ளை. தாயார் அழுதுகொண்டு கார்க்கார ஐயா வீட்டுக்கு ஓடினார். நானும் பின்னால் போனேன்.

கார் நனைந்து குளிர்ந்து கிடந்தது. ஐயா பதற்றப்படவில்லை. பிளக்குகளைக் கழற்றி அடுப்பு நெருப்பில் சூடாக்கித் தருமாறு மனைவியிடம் கொடுத்தார். பிறகு உள்ளே போய்ச் சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கால் போத்தலை எடுத்துவந்தார். அதில் பாதியளவு பெற்றோல் இருந்தது. அவசரத்துக்கென வைத்திருப்பது, வேறெதற்கும் தொடமாட்டார். பிளக்குகளைத் துணியால் பிடித்துப் பூட்டினார். பெற்றோலைச் சலைன் போத்தலுக்குள் விட்டார். ஹான்டிலை நான் சுழற்றினேன். மூன்றாம் முறை எஞ்சின் பிடித்தது. வெண்புகை மழைக்குள் பரவியது.

புதுக்குடியிருப்பு மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்வரை குழிகளுக்குள் விழுந்து எழுந்து சென்றோம். அங்கே வாசலில் எஞ்சினை அவர் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மீண்டும் இயக்கப் பெற்றோல் இல்லை. விடிவதற்கு முன் பிள்ளை பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் நலம்.

திரும்பும் வழியில் ஐயா இன்னொன்றைச் சொன்னார். அதற்கு முந்திய மாதம் அதேபோன்ற ஓர் இரவில், வரம்பில் பாம்பு தீண்டிய ஒருவரைத் தூக்கிக்கொண்டு அவரிடம் வந்தார்களாம். அன்று போத்தல் வெறுமையாக இருந்தது. மண்ணெண்ணெய் இருந்தது, இயக்கப் பெற்றோல் இல்லை. அரை மணித்தியாலம் ஹான்டிலைச் சுழற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை. ஈற்றில் சைக்கிளில் இருத்தி, இருவர் பிடித்துக்கொண்டு போனார்கள். மருத்துவமனையை அடையுமுன்னரே அவர் இறந்துவிட்டார். இதைச் சொன்னபோது ஐயா வீதியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எழுதிய கட்டுரையில் முதலாவது இரவு இருந்தது. இரண்டாவது இரவு இல்லை. தடையை எங்கள் அறிவால் வென்றோம், தமிழனை எந்தத் தடையும் முடக்காது என்ற தொனியில் முடித்திருந்தேன். அந்தக் காலத்தில் அப்படித்தான் எழுதினோம். வாசகர்களும் அதையே எதிர்பார்த்தார்கள் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆயினும் இரண்டாவது இரவை விட்டது என் தெரிவு. அது கட்டுரைக்கு இசையவில்லை, அதனால் விட்டேன்.

பத்திரிகை வந்ததும் ஒரு பிரதியை ஐயாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்தார். மடித்து என்னிடமே தந்தார்.

"தம்பி, வெண்டிட்டம் எண்டு எழுதியிருக்கிறியள். நாங்கள் எங்கை வெண்டனாங்கள்? சமாளிச்சனாங்கள். வெண்டிருந்தால் அந்தப் பெடியன் இண்டைக்கு இருந்திருப்பான்."

மறுமொழி சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. தேநீர் தந்து அனுப்பிவைத்தார்.

* * *

2002 ஜனவரியில் தடை தளர்ந்தது. பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. ஏப்ரலில் ஏ-9 வீதி யாழ்ப்பாணம்வரை திறந்தது. பெற்றோல் தாராளமாக வந்தது. ஐயாவின் கார் ஒருமுறை முழுதாகக் கழற்றிச் சுத்தம் செய்யப்பட்டு, மீண்டும் பெற்றோலில் ஓடியதைக் கண்டேன். 'இப்ப இவனுக்கு ருசி தெரியுது' என்று சிரித்தார். 2006 ஓகஸ்டில் அந்த வீதி மீண்டும் மூடப்பட்டது. மண்ணெண்ணெய்ப் புகையும் மீண்டது.

2009 ஜனவரியில் கிளிநொச்சி வீழ்ந்தபின், அதே மாதம் 21ஆம் திகதியளவில் அரசாங்கம் ஏ-35 வீதியோரத்தில் ஒரு பாதுகாப்பு வலயத்தை அறிவித்தது. உடையார்கட்டும் சுதந்திரபுரமும் வள்ளிபுனமும் அதற்குள் அடங்கின. பாதுகாப்பு என்ற சொல்லை நம்பி வந்த மக்கள் மீது எறிகணைகள் விழுந்தன. அங்கு இயங்கிய மருத்துவமனையும் தப்பவில்லை. மக்கள் புதுக்குடியிருப்பு, இரணைப்பாலை, மாத்தளன், முள்ளிவாய்க்கால் எனக் கடற்கரையை நோக்கித் தள்ளப்பட்டார்கள். உழவு இயந்திரங்கள், லொறிகள், கார்கள், சைக்கிள்கள் யாவும் அந்த ஒரே வீதியில் ஊர்ந்தன. போர் முடிந்தபின் முள்ளிவாய்க்கால் பகுதியில் எரிந்தும் துருப்பிடித்தும் கிடந்த வாகனக் குவியலின் படங்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பின்னர் அவை பழைய இரும்பாக அகற்றப்பட்டன.

மீள்குடியேற்றத்தின் பின்னர் ஒருமுறை உடையார்கட்டுக்குப் போனேன். ஐயா முகாமிலிருந்து திரும்பி ஓராண்டுக்குள் காலமாகிவிட்டார் என்று மகன் சொன்னார். காரை இரணைப்பாலைவரை கொண்டுபோனார்களாம். அதற்கப்பால் மண்ணெண்ணெயும் கிடைக்கவில்லை, வீதியும் இல்லை. கார் நின்ற இடத்தில் ஒரு குடும்பம் அதன் கீழே பதுங்குகுழி வெட்டிக்கொண்டதாம். அந்தக் குடும்பம் தப்பியதா என்று கேட்டேன். மகனுக்குத் தெரியவில்லை.

* * *

2022இல் முழு இலங்கையும் எரிபொருளின்றித் தவித்தது. நாடெங்கும் கிலோமீற்றர் கணக்கில் வரிசைகள். பெற்றோல் லீற்றருக்கு 470 ரூபாவைத் தொட்டது. ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. அப்போது தென்னிலங்கை நண்பர் ஒருவர் தொலைபேசியில் என்னிடம் கேட்டார்: 'நீங்கள் அந்தக் காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டினீர்களாமே, எப்படி?' உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார். எங்களுடைய பதினொரு ஆண்டுகளைப் பற்றி அவர் கேட்ட முதற்கேள்வி அது. மேலே எழுதிய விபரங்களை அவருக்குச் சொன்னேன். இரண்டாவது இரவையும் சொன்னேன். சிறிது நேரம் அவர் பேசவில்லை.

2020இல் நிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்துவிடப்பட்டது. அதன்பின் சீனாவின் பி.வை.டி. நிறுவனத்து மின்கார்கள் இலங்கையின் வீதிகளில் பெருகியிருக்கின்றன. எந்தச் சீனச் சந்தைக்காக ஐரோப்பியக் கார்கள் நீட்டப்பட்டனவோ, அந்தச் சீனா இன்று தன் கார்களை மற்றவர்களுக்கு விற்கிறது. தொண்ணூறுகளில் மின்விளக்கே எரியாத ஏ-35 வீதியில் மின்சாரத்தில் ஓடும் கார் போகும் காலம் இது. நல்லதுதான். பிரசவத்துக்குப் போகும் பெண் புகைக்குள் இருமிக்கொண்டு போகவேண்டியதில்லை.

ஆனால் ஒன்றைக் கேட்க விரும்புகிறேன். சன்ரானாவை எத்தனை சென்ரிமீற்றர் நீட்டினார்கள் என்பது பதிவில் இருக்கிறது. எங்கள் மெக்கானிக்குகள் என்ன செய்தார்கள் என்பது எங்கே இருக்கிறது? எந்தக் காருக்கு எவ்வளவு பெற்றோல், பொறியின் நேரத்தை எவ்வளவு தள்ளினார்கள், ஒயிலை எத்தனை நாளுக்கொருமுறை மாற்றினார்கள், எந்த எஞ்சின் தாங்கியது, எது தாங்கவில்லை. இவற்றை அறிந்த கைகள் இன்று ஸ்காபரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் சென்னையிலும் இருக்கின்றன. விசுவமடுவிலும் புதுக்குடியிருப்பிலும் இருக்கின்றன. எல்லோருக்கும் வயதாகிவிட்டது. பிள்ளைகள் கேட்டு எழுதிவைக்கலாம். ஒரு கொப்பியும் பேனாவும் போதும்.

எழுதும்போது ஓடிய இரவுகளை மட்டும் எழுதாதீர்கள். ஓடாத இரவுகளையும் எழுதுங்கள். யார் வந்து கதவைத் தட்டினார்கள், போத்தலில் எவ்வளவு இருந்தது, அவர் பிழைத்தாரா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நான் அன்று செய்யாததை நீங்கள் செய்யுங்கள்.

1997இல் நான் 'வென்றோம்' என்று எழுதிய இடத்தில் 'சமாளித்தோம்' என்று வாசித்துக்கொள்ளும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கார்க்கார ஐயா சொன்ன திருத்தம் அது. காலந்தாழ்த்திச் சேர்த்துவிட்டேன்.